பதினாறு சுற்று

மாலை 4.05.

நூல் கடைக்குள்ளிருந்து எழுந்த அலறல் தெருவின் மறுபக்கம் வரை கேட்டது. எதிர்க்கடை வாட்ச்காரர் கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். முன் அறை அலமாரிகளில் நூல் உருண்டைகள் அடுக்குக் கலையாமல் இருந்தன. பின் அறையில், வேலை மேஜைக்கு முன்னால், கடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை இடது தோளில் சாய்ந்திருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. உதவியாள் தரையில் உட்கார்ந்து அவருடைய பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரைக் கூப்பிடுங்கண்ணே! கால் ஐஸ் மாதிரி இருக்கு!”

வாட்ச்காரர் அந்த முகத்தை ஒரு கண்ணால் பெரிதாகவும் மறு கண்ணால் சின்னதாகவும் பார்த்தார். டாக்டரைக் கூப்பிடவில்லை. போலீஸைக் கூப்பிட்டார்.

இறந்தவருக்கு வயது அறுபத்திரண்டு. தெருவுக்கே அவர் நூலக்கா. மூடிப்போன ஆலைகளில் லேபிள் இல்லாமல் கிடக்கும் மிச்ச நூலைச் சாக்குச் சாக்காக வாங்கி, சிட்டம் எனப்படும் ஒவ்வொரு நூல் கற்றையும் என்ன தடிமன் என்று அளந்து, அட்டை கட்டி விற்பவர். அளக்கும் முறை எளிது. ஒரு மர ஸ்கேலில் ஓர் அங்குல இடைவெளி விட்டு இரண்டு சிவப்புக் கோடுகள். அவற்றுக்கு நடுவே நூலைப் பக்கம் பக்கமாகச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று பிடிக்கிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். சுற்று குறைந்தால் நூல் தடிமன், கூடினால் மெலிசு. ஒன்பது வந்தால் கடுங்குளிருக்கான ஸ்வெட்டர். பதினொன்று நடுத்தரம். பதினாறு காலுறைக்கு. கை நடுக்கம் வந்த பிறகு நூலக்கா எழுதுவதை விட்டுவிட்டு, ரப்பர் முத்திரையால் அட்டையில் எண்ணைக் குத்தினார். அவர் குத்திய எண்ணை நம்பித்தான் சுற்று வட்டாரமே பின்னியது. தப்பு எண்ணை நம்பினால் பிள்ளைக்குப் பின்னியது அப்பனுக்கே தொளதொளக்கும்.

4.40க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே ஏட்டம்மா.

ஏட்டம்மாவைப் பற்றி ஸ்டேஷனில் ஒரு கேலி உண்டு. கூட்டத்துக்குக் காவலுக்குப் போட்டால் ஒரு கையில் லத்தி, இன்னொரு கையில் பின்னல் ஊசி என்பார்கள். உண்மையில் இரண்டு கையிலும் ஊசிதான் இருக்கும், லத்தி அக்குளில். பதினான்கு வருடமாக நூலக்காவின் வாடிக்கை. அந்த அறைக்குள் நுழைந்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் கழற்றவில்லை.

மேஜைமேல் பன்னிரண்டு சிட்டங்கள் இருந்தன. கிரீம், சாம்பல், மெரூன் என்று மூன்று நிறம். ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, எண் குத்தியிருந்தது. கிரீம் எல்லாம் 16. சாம்பல் 13. மெரூன் 20. நூலக்காவின் கைக்கு முன்னால் ஸ்கேல் கிடந்தது. சிவப்புக் கோடுகளுக்கு நடுவே கிரீம் நூல், இடுக்கில் மரம் தெரியாத அளவுக்கு நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. நூலின் நுனி கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் சொருகியிருந்தது.

“ஆஸ்துமாவா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆமா சார். இன்ஹேலரைப் பின்னல் கயித்துல கோத்துக் கழுத்துலயே போட்டிருப்பாங்க. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாங்க,” என்றார் ஏட்டம்மா.

கழுத்தில் இன்ஹேலர் இல்லை. பின் கழுத்தில் மெல்லிய சிவப்புக் கீறல் ஒன்று, காதுக்குக் கீழே வரை ஓடியது. யாரோ கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத் தேடலில் இன்ஹேலர் கிடைத்தது. அறுந்த கயிற்றோடு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஏப்ரன் பையில். ஏப்ரன் உதவியாளுடையது.

மாலை 5.10.

அவளை எல்லாரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியின் தடிமனைப் பார்த்து எப்போதோ யாரோ சோடாபுட்டி என்று பெயர் வைக்க, புட்டி தொலைந்து சோடா மட்டும் மிஞ்சிவிட்டது. வயது நாற்பத்தைந்து. போக வேறு இடமில்லை. கடை மாடியில் ஒற்றை அறை.

“எத்தனை வருஷமா இங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பத்தொம்போது சார்.”

“இன்னிக்கு என்ன நடந்துச்சு? நேரத்தோட சொல்லு.”

“பன்னெண்டரைக்குச் சாக்கு வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பன்னெண்டு சிட்டத்தையும் மேஜையில எடுத்து வெச்சுட்டு, பன்னெண்டே நாப்பதுக்குக் கிளம்பினேன். முன் கதவைப் பூட்டிட்டுத்தான் போனேன். மத்தியானம் கடை மூடியிருக்கும்.”

“எங்க?”

“கண் ஆஸ்பத்திரிக்கு. ஒரு மணிக்கு டோக்கன். திரும்பினது மூணு அம்பது.”

“அலறினது நாலு அஞ்சு. நடுவுல பதினஞ்சு நிமிஷம்?”

“முன் ரூம்லயே கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். சொட்டு மருந்து விட்டிருந்தாங்க. எல்லாம் கலங்கலாத் தெரிஞ்சுது, வெளிச்சம் குத்துச்சு. அக்கான்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. அசந்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

“ஒரு பிணத்தோட பதினஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கே.”

“பிணம்னு தெரியாது சார்.” சோடா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினாள். “தெரிஞ்சிருந்தா கூடத்தான் உக்காந்திருப்பேன். எங்க போவேன்?”

வாட்ச்காரர் சாட்சி சொன்னார். பன்னிரண்டு நாற்பதுக்கும் மூன்று ஐம்பதுக்கும் இடையில் முன் கதவு வழியாக ஈ, காக்கை நுழையவில்லை. பின் கதவு அவர் கண்ணுக்குத் தெரியாது. அது ஒரு சந்தில் திறக்கும், வெறும் கொக்கிதான்.

அப்போது உள்ளே வந்தாள் நூலக்காவின் தங்கை. வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். சோடாவைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

“கேளுங்க சார் இவளை! நாளைக்குப் பதினொரு மணிக்குக் கடையை இவ பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்றதா இருந்துச்சு. கூடப் பொறந்தவ நான் கல்லு மாதிரி இருக்கேன். வேலைக்காரிக்குக் கடையாம்!”

“நாளைக்குக் கிடைக்கப் போற கடைக்கு இன்னிக்கு எதுக்குக் கொல்லணும்?” என்றார் ஏட்டம்மா.

“அக்கா மனசு மாறிட்டா. காலையில போன்ல என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாளாம். அது தெரிஞ்சுதான் இவ இப்படிப் பண்ணிட்டா.”

சோடா கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைக்கப் பார்த்தாள். ஏப்ரன் போலீஸ் கவரில் இருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவருக்குக் கணக்குப் போடுவது பிடிக்கும்.

“இந்தம்மா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சிட்டம் அளப்பாங்க?”

“நாலு,” என்றார் வாட்ச்காரர். “தெருவுக்கே தெரியும் சார். நாலுக்கு மேல ஒண்ணு போகாது, நாலுக்குக் கீழ ஒண்ணு குறையாது. அவங்களைப் பார்த்து நான் வாட்சையே திருத்தலாம்.”

“பன்னெண்டு சிட்டம். மூணு மணி நேரம். பன்னெண்டே முக்காலுக்கு ஆரம்பிச்சிருந்தா மூணே முக்கால் வரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க. மூணு அம்பதுக்கு இவ உள்ள வர்றா. நாலு அஞ்சுக்கு அலறல். நடுவுல வேற யாரு? இன்ஹேலர் இவ பையில.” கையைத் தட்டினார். “ஏட்டம்மா, வண்டியில ஏத்துங்க.”

6.15க்குத் தங்கையின் கணவர் வந்து சேர்ந்தார். மோட்டாருக்கு காயில் கட்டுபவர். ஊரில் அவர் காயில்காரர். கடையின் பின் சந்தைத் தாண்டினால் அவருடைய பட்டறை. அன்று மதியம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டியில் பழுதான பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு ஆட்கள் கூடவே இருந்தார்கள். சேதி கேட்டு கிரீஸ் கையோடு வந்திருந்தார். மைத்துனியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

“நல்ல மனுஷி சார். யாரையும் நம்பிடுவாங்க,” என்றார்.

ஏட்டம்மா பொருள்களைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ‘கிரீம் சிட்டம் ஐந்து, அட்டை எண் 16’ என்று எழுதும்போது, நூல் விரலிடுக்கில் உருண்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை உருட்டினார். இந்த நூலுக்கு அவர் கை தன்னையறியாமல் தடித்த ஊசியைத் தேடியது. பதினாறு நம்பருக்கு அந்த ஊசி ஒத்து வராது.

நூலக்கா மூச்சுத் திணறிக்கொண்டே அளந்திருப்பார், கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிட்டத்தைக் கையெழுத்துப் போட்டுத் தனியே எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை 7.30.

ஸ்டேஷனில் ரைட்டரின் ஸ்கேலை வாங்கி, ஓர் அங்குலத்துக்குப் பேனாவால் இரண்டு கோடு போட்டார் ஏட்டம்மா. நூலக்கா சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது. ‘நூலைச் சுத்தாதீங்க ஏட்டம்மா, ஸ்கேலைத் திருப்புங்க. நூலைச் சுத்தினா முறுக்கேறும், மெலிசாக் காட்டும். இழுக்கவும் கூடாது, நெருக்கவும் கூடாது. சும்மா பக்கத்துல பக்கத்துல படுக்கணும்.’

கிரீம் பதினொன்று வந்தது. இரண்டாம் தடவையும் பதினொன்று. சாம்பல் ஒன்பது. மெரூன் பதினான்கு.

ஒரு தாளில் எழுதினார். பதினொன்றுக்குப் பதினாறு. ஒன்பதுக்குப் பதின்மூன்று. பதினான்குக்கு இருபது.

“என்ன ஏட்டம்மா, லாட்டரி நம்பரா?” என்று ரைட்டர் எட்டிப் பார்த்தார்.

“ஆமா. யாருக்கு விழுந்திருக்குன்னுதான் பார்க்கிறேன்.”

மூச்சு முட்டுகிறவர் அளந்தால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். போதாததற்கு நடுங்குகிற கை. நடுங்கும் கையில் சுற்று தளரும். தளர்ந்தால் எண் குறைய வேண்டும். இங்கே கூடியிருக்கிறது. அதுவும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றரை. தப்பு, ஆனால் ஒழுங்கான தப்பு.

8.20. சோடா ஸ்டேஷன் பின் அறையில் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஏட்டம்மா கிரீம் சிட்டத்தை அவள் மடியில் வைத்தார்.

“இது என்ன நம்பர்?”

சோடா ஸ்கேல் கேட்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஒரு இழையை உருட்டினாள். “பதினொண்ணு.”

“அக்கா பதினாறுன்னு அட்டை கட்டியிருக்காங்க.”

கண் திறந்தது. “அக்காவா? அக்கா செத்தாலும்…” அதற்கு மேல் சொல்ல முடியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அளந்து முடிச்சதும் நுனியை எங்க சொருகுவாங்க?”

“சொருக மாட்டாங்களே. விரலை எடுத்தா நூல் தானா அவிழணும்மா. அடுத்த சிட்டம் காத்திருக்கும்ல?”

“நேத்து வந்ததும் அட்டையைப் பார்த்தியா?”

“எங்கம்மா பார்க்கறது? உங்க மூஞ்சிகூட எனக்கு ராத்திரிதான் தெளிவாத் தெரிஞ்சுது.” கொஞ்சம் தயங்கினாள். “நேத்து வரைக்கும் உங்க மேல நல்ல எண்ணம் வெச்சிருந்தேன்.”

ஏட்டம்மாவுக்கு அது தைத்தது. சிட்டத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

காலை 10.15. பட்டறை.

காயில்காரர் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் போனவரை ஏட்டம்மா கையமர்த்தினார்.

“வேலை நிக்க வேண்டாம். ரெண்டு கேள்விதான். நூலக்கா நேத்துக் காலையில போன் பண்ணாங்களா?”

“ஒன்பது மணிக்கு. கடையை எழுதிக் குடுக்கறதா இல்லன்னாங்க.”

“அதுக்கப்புறம் பார்த்தீங்களா?”

“இல்ல. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஒண்ணே முக்காலுக்குப் பட்டறைக்கு வந்து டூல்ஸ் எடுத்துக்கிட்டு நேரா தண்ணித் தொட்டிக்குப் போயிட்டேன்.”

பேச்சுக்கு நடுவில் கை நிற்கவே இல்லை. ஒவ்வொரு சுற்றும் விழுந்ததும் கட்டைவிரல் நகம் அதை முந்தின சுற்றோடு ஒட்டித் தள்ளியது. வாய் பேசும்போதும் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு நெருக்கமாச் சுத்தணுமா?”

காயில்காரர் முதல் முறையாகச் சிரித்தார். “இடைவெளி விட்டா அது காயில் இல்ல மேடம், கந்தல். நம்ம கையில ஒரு சுத்து தப்பாது. முப்பது வருஷம்.”

“நூலக்காவுக்கு எப்பவாவது அளந்து குடுத்திருக்கீங்களா?”

“நானா? அந்தப் பஞ்சையெல்லாம் தொட்டதே இல்ல. நூறு தடவை வாசல்ல நின்னு பார்த்திருக்கேன். பார்த்தாலே தூக்கம் வரும்.”

சுற்றி முடித்தார். கம்பியின் நுனியைக் கடைசி மூன்று சுற்றுக்கு அடியில் விட்டு இழுத்துக் கட்டினார். ஏட்டம்மா அதைப் பார்த்தார். வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதியம் 12.30க்கு மருத்துவர் போன் செய்தார். இறந்த நேரம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிக்குள். அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல முடியாது. கைரேகைப் பிரிவிலிருந்தும் சேதி வந்தது, இன்ஹேலரில் உருப்படியான கைரேகை இல்லை என்று.

இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பஞ்சை வெச்சுக் கொலைக்கேஸ் நடத்தச் சொல்றீங்களா? கோர்ட்டுல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். அரை மணி நேரம் குடுங்க.”

மாலை 4.30. நூல் கடையின் பின் அறை.

நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. தங்கை, காயில்காரர், சோடா மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்றார். ஏட்டம்மா மூன்று ஸ்கேல்களை வைத்தார். கிரீம் சிட்டத்திலிருந்து மூன்று துண்டு நூல் வெட்டினார்.

“ரெண்டு கோட்டுக்கு நடுவுல சுத்தி, எத்தனைன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“எனக்கு இது தெரியாது மேடம்,” என்றார் காயில்காரர்.

“தெரியாதவங்களும் வேணும்.”

தங்கை முதலில் சுற்றினாள். வேண்டா வெறுப்பான சுற்று. இடையிடையே மரம் பல்லிளித்தது. எட்டு. சோடா ஸ்கேலைத் திருப்பித் திருப்பி நூலை வாங்கிக்கொண்டாள். பதினொன்று. விரலை எடுத்ததும் நூல் தளர்ந்து மேஜைமேல் விழுந்தது.

காயில்காரர் சோடாவைக் கவனித்திருந்தார். அவரும் ஸ்கேலைத் திருப்பினார். முதல் நான்கு சுற்று தளர்வாக, சாதுவாக விழுந்தன. நெற்றியில் வியர்வை. ஐந்தாவது சுற்றில் கட்டைவிரல் நகம் அசைந்தது. ஆறாவதில் தள்ளியது. அதன்பிறகு அவர் ஸ்கேலைத் திருப்பவில்லை. நூலை இழுத்துச் சுற்றினார். பின்னால் திரும்பி அந்த நான்கு சுற்றையும் நகத்தால் நெருக்கிச் சேர்த்தார். உதடு எண்ணியது. கடைசியில் நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் சொருகி இழுத்தபோதுதான் தான் செய்ததைப் பார்த்தார்.

“எத்தனை?” என்றார் ஏட்டம்மா.

காயில்காரர் ஸ்கேலை மேஜைமேல் வைத்தார்.

“நான் எண்ணட்டுமா? பதினாறு.”

போலீஸ் கவரிலிருந்து நூலக்காவின் ஸ்கேலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே நெருக்கம். அதே சொருகல். ஒரு வயிற்றில் பிறந்த இரட்டை போல இரண்டும் கிடந்தன.

“இது அக்கா சுத்தினது இல்ல சார்,” என்று இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். “பன்னெண்டு சிட்டத்துல ஒண்ணைக்கூட அக்கா அளக்கலை. வேற ஒருத்தர், மூணு மணி நேர வேலையை அரை மணியில முடிச்சு, அட்டை குத்திக் கட்டியிருக்கார். எதுக்கு? அக்கா மூணே முக்கால் வரைக்கும் உயிரோட இருந்தாங்கன்னு நாம நம்பணும். அந்தப் பொய்யால யாருக்கு லாபம்? சோடா ஒண்ணுலேர்ந்து மூணரை வரைக்கும் ஆஸ்பத்திரியில டோக்கனோட உக்காந்திருக்கா. அக்கா ஒரு மணிக்கே செத்ததாத் தெரிஞ்சாத்தான் அவளுக்கு நல்லது. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாளா? அப்படியே போட்டுக்கிட்டாலும், சொட்டு மருந்து விட்ட கண்ணோட கோட்டைப் பார்த்துச் சுத்தியிருக்க முடியாது. சரியான நம்பரும் அவ விரலுக்கே தெரியும்.”

“சாவு நேரம்?”

“நாலு அஞ்சுக்கே கால் ஐஸ் மாதிரி இருந்ததுன்னு அலறினாளே சார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி செத்தவங்க கால் அப்படி இருக்காது. நாம அலறலைத்தான் கேட்டோம், அவ சொன்னதைக் கேக்கல. ரெண்டு மணிக்கு மேல சாட்சி வெச்சிருக்கறவர், ரெண்டு மணிக்கு முன்னாடி சாட்சி இல்லாதவர், பின் சந்துல ரெண்டு எட்டு வெச்சா இந்தக் கொக்கியைத் தூக்கக்கூடியவர், இங்க ஒருத்தர்தான். நூறு தடவை வாசல்ல நின்னு பார்த்திருக்கார். கம்பிக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் இருக்கும்னு மட்டும் தோணல. கம்பளியை நெருக்கினா நசுங்கிக் குடுக்கும். கம்பி குடுக்காது.”

காயில்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“நான் அடிக்கலை,” என்றார் அவர். “நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். மாட்டேன்னாங்க. கோவத்துல கயித்தைப் பிடிச்சு இழுத்தேன். அதுலயே அவங்களுக்கு இழுப்பு வந்துடுச்சு. கையை நீட்டினாங்க.”

“குடுத்தீங்களா?”

“சொல்லு, தர்றேன்னேன்.”

“எப்படிச் சொல்லுவாங்க? மூச்சே வரலையே.”

அவர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“ஏழெட்டு நிமிஷம்.”

ஏழெட்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எல்லாரும் மனதுக்குள் நின்று பார்த்தது போலிருந்தது.

“போன் வந்துச்சுன்னீங்களே?”

“வரலை.”

“இன்ஹேலரை ஏப்ரன்ல போட்டது?”

சோடாதான் பேசினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

“என் பையில எதுக்குண்ணே போட்டீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?”

“ஆணியில தொங்குச்சு,” என்றார் காயில்காரர்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். கிளம்பும்போது ஏட்டம்மா தங்கையின் பக்கம் திரும்பினார்.

“மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாரா?”

“வரலை.” தங்கை தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போய்ப் பேசிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன். பேசத்தான் அனுப்பினேன்.”

சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. பேசப் போகச் சொல்வது குற்றமில்லை.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தங்கை பூட்டுக்காரனோடு கடைக்கு வந்தாள். எழுதி வைத்த பத்திரம் பதிவாகவில்லை. பதிவாகாத பத்திரம் வெறும் காகிதம். நூலக்காவுக்குப் புருஷன், பிள்ளை குட்டி யாரும் இல்லை. வாரிசு என்று காகிதத்தில் இருந்தது கூடப் பிறந்தவள் ஒருத்திதான். கொன்றவனுக்குத்தான் சொத்து போகக் கூடாது; கொன்றவனின் பெண்டாட்டிக்குப் போகலாம்.

சோடா மாடி அறையிலிருந்து ஒரு பெட்டியோடு இறங்கினாள். அவளுக்காகப் பேச ஏட்டம்மா சீருடையிலேயே வந்திருந்தார்.

“பத்தொம்போது வருஷம் உழைச்சிருக்கா. மாடி ரூமையாவது விடும்மா. உங்க அக்கா மனசு மாறலைன்னு இப்ப உனக்கே தெரியுமே.”

தங்கை பூட்டுக்காரனின் கையிலிருந்து புதுச் சாவியை வாங்கி, ஒரு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகுதான் திரும்பினாள். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஜெயில் வாசலில் நிற்கிறவள்.

“இவ கொல்லலைன்னுதானே நீங்க நிரூபிச்சீங்க ஏட்டம்மா? கடை இவளுதுன்னு நிரூபிக்கலையே.”

கொலைகாரன் யார் என்று கேட்டால் ஏட்டம்மாவால் சொல்ல முடியும். இந்தக் கேள்வி அவர் ஸ்டேஷனுக்கு வராது.

சோடா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.